அதிகாலையில் பாடும் அந்த அம்மா யார்?

போன ஆடி மாதம் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நடந்த விவாதம் பலருக்கு நினைவிருக்கும். பக்கத்து அம்மன் கோயில் கொடை. செவ்வாய்க்கிழமை காலை நாலரை மணிக்கே ரேடியோ செட் பாட ஆரம்பித்துவிட்டது. ஐந்து மணிக்குள் குழுவில் முப்பது செய்திகள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், இரவு வேலை முடிந்து வந்து படுத்தவர்கள் இருக்கிறார்கள், முதியவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் நியாயமான பேச்சு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு முதல் இருக்கும் விதி. செயலாளர் கோயிலில் போய்ப் பேசினார், அவர்களும் சத்தத்தைக் குறைத்தார்கள். அதைப் பற்றி எழுத நான் வரவில்லை.

அந்த முப்பது செய்திகளில் ஒன்று மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. நம் மூன்றாவது மாடி இளைஞர் ஒருவர் கேட்டிருந்தார்: “காலங்காத்தால தொண்டை கிழியப் பாடுதே, யாரு சார் இந்த அம்மா?”

கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனாலும் கேட்டாரே. அறுபது வயதைத் தாண்டிய நான் அந்தக் குரலை எத்தனையோ ஆடி மாதங்களாகக் கேட்டு வருகிறேன். ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. அவருக்கான பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். எழுத எழுத அது செங்கோட்டை, அமெரிக்கா என்று எங்கெங்கோ போய், கடைசியில் நம் ஊர் கொடை நோட்டீஸிலேயே வந்து நின்றது.

அந்த அம்மாவின் பெயர் எல்.ஆர். ஈஸ்வரி. முழுப்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. ஆமாம், வேதக்காரர். கத்தோலிக்கக் குடும்பம். மாரியம்மனை எழுப்பும் குரல் அவருடையது என்பது தெரிந்ததும் நம் ரேடியோ செட்காரத் தம்பி கையிலிருந்த வயரைக் கீழே வைத்துவிட்டு, “நிசமாவா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

ஈஸ்வரியின் தாயார் நிர்மலா சென்னை ஸ்டூடியோக்களில் கோரஸ் பாடியவர். கோரஸ் என்றால் முன்னால் ஒருவர் பாட, பின்னால் நாலைந்து பேர் சேர்ந்து “ஓஹோ” என்றோ, முதல் வரியைத் திருப்பியோ பாடுவது. படத்தின் எழுத்துகளில் பின்னணி பாடியவர்கள் என்று பெயர்கள் வரும். கோரஸ் பாடியவர்கள் அதில் வரமாட்டார்கள். தாயோடு போய்ப் போய் மகளும் அந்தக் கூட்டத்தில் நின்றார். ‘நல்ல இடத்து சம்பந்தம்’ (1958) படத்தில் கே.வி. மகாதேவன் தனியாகப் பாட வைத்தார். 1961-இல் ‘பாசமலர்’ வந்தது. மணப்பெண்ணைத் தோழிமார் அழைத்துப்போகும் அந்தப் பாட்டை, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில், முன்னால் நின்று பாடியவர் ஈஸ்வரி. பின்னால் கோரஸ். அதன் பிறகு பல ஆண்டுகளுக்குத் தமிழ்நாட்டில் அந்தப் பாட்டு இல்லாமல் பெண் மணமேடைக்கு வந்ததில்லை. என் அக்கா கல்யாணத்தில் அந்த இசைத்தட்டைத் தேய்ந்துபோகும்வரை போட்டார்கள்.

இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு கதாநாயகிக்கெல்லாம் அவர்தான் பாடினார் என்று நினைப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. கதாநாயகியின் குரல் பி. சுசீலாவுக்குப் போனது. சுசீலாவின் குரல் மேன்மையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் திரையுலகம் ஒரு கணக்கு வைத்திருந்தது: குடும்பப் பெண்ணுக்கு ஒரு குரல், கிளப்பில் ஆடுகிறவளுக்கு வேறு குரல். ஈஸ்வரிக்கு இரண்டாவது கணக்கே பெரும்பாலும் விழுந்தது. அவருக்கு முன்னாலேயே கே. ஜமுனாராணிக்கும் இதுதான் நடந்தது.

அந்தக் கிளப் பாட்டுகளில்தான் ஜாஸ் நம் வீட்டுக்குள் வந்தது. ஜாஸ் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் கறுப்பின மக்களிடம் உருவான இசை. டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் இருக்கும். மெட்டை அப்படியே பாடாமல், நம் வித்வான்கள் கற்பனை ஸ்வரம் போடுவதுபோல, அந்த இடத்தில் தோன்றுவதைப் பாடுவார்கள், வாசிப்பார்கள். ‘வல்லவன் ஒருவன்’ (1966) படத்துக்கு வேதா போட்ட மாளிகைப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ‘சிவந்த மண்’ (1969) படத்தில் சாட்டையடிச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் பாடுவாளே, அதையும் கேளுங்கள். அடி விழும் இடத்தில் குரல் உடையும். உடைந்த இடத்திலிருந்தே மறுபடி எழும்பும். சுருதியைச் சற்றுக் கீழே பிடித்து வழுக்கி மேலே போவது, மூச்சையே தாளமாக்குவது, சொல்லை மென்று துப்புவதுபோல் உச்சரிப்பது என்று அவர் செய்ததெல்லாம் ஜாஸ் பாடகிகளின் உத்திகள். இதையெல்லாம் அவருக்கு யாராவது பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்களா என்றால், சினிமா ஸ்டூடியோவே அவருக்குப் பள்ளிக்கூடம்.

‘பணமா பாசமா’ (1968) படத்து இலந்தைப்பழப் பாட்டு வந்தபோது எங்கள் வீட்டில் அதற்குத் தடை. இலங்கை வானொலியில் அந்தப் பாட்டு வந்தால் அப்பா எழுந்து ரேடியோவை அணைப்பார். அம்மா அடுப்படியில் அதே மெட்டை முனகிக்கொண்டிருப்பாள். ஊரில் பல வீடுகளில் நிலவரம் அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1972-இல், ‘வெள்ளி விழா’வில் வி. குமார் இசையில் காதோடு காதாகக் கிசுகிசுப்பதுபோல் ஒரு பாட்டு வந்தது. அதே அப்பா அதைக் கேட்டுவிட்டு, “இது சுசீலாவா?” என்றார். ஈஸ்வரி என்று சொன்னபோது நம்பவில்லை. குரல் மாறவில்லை. கொடுத்த பாட்டுத்தான் மாறியிருந்தது.

பிறகு அம்மன் பாட்டுகள் வந்தன. சினிமாவில் அவர் பாட்டுகளுக்கு முகம் சுளித்த அதே வீடுகள் ஆடி வெள்ளிக்கு அவருடைய தட்டை வாங்கின. கிளப்பில் சாக்ஸபோனோடு போட்டி போட்ட தொண்டை இப்போது பம்பையோடும் உடுக்கோடும் போட்டி போட்டது. சாமி வந்து ஆடுபவருக்கு மென்மையான குரல் உதவாது. அடி வயிற்றிலிருந்து அழைக்கிற குரல் வேண்டும். தமிழ்ச் சினிமா எந்தக் குரலை ‘அடக்கமில்லாதது’ என்று ஓரம் கட்டியதோ, மாரியம்மன் அந்தக் குரலைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற பெயர் கிடைத்தது. 1915-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், காட்டன் பிளாண்ட் என்ற சிற்றூரில் பிறந்த கறுப்பினப் பெண். பருத்திச் செடி என்று பொருள். நம் பக்கத்து ஊர்ப் பெயர்போலவே இருக்கிறது, இல்லையா? தாயார் மாண்டலின் வாசித்துக்கொண்டு ஊர் ஊராக ஜெபக்கூட்டம் நடத்தியவர். மகள் சிறு குழந்தையாக இருக்கும்போதே கிடாரோடு அவர் பக்கத்தில் நின்றாள்.

1938-இல் ரொசெட்டா நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் போய்ப் பாடினார். ஞாயிறு காலை தேவாலயத்தில் பாடிய பாட்டை இரவில் மது அருந்தும் கூட்டத்தின் முன் ஜாஸ் வாத்தியக் குழுவோடு பாடினால் சபைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பலர் ஒதுக்கினார்கள். அவர் இரண்டு பக்கத்தையும் விடவில்லை. மின்சாரக் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வாசித்த விதத்திலிருந்துதான் ராக் அண்ட் ரோல் கிளம்பியது என்று இன்று எழுதுகிறார்கள். 1951-இல் தன் கல்யாணத்தையே வாஷிங்டனில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிக்கெட் போட்டு நடத்தினார். 20,000 பேருக்கு மேல் காசு கொடுத்து வந்தார்கள். தாலி கட்டி முடித்ததும் கச்சேரி. (நம் ஊரில் மொய் எழுதினால் சாப்பாடு. அங்கே டிக்கெட் எடுத்தால் பாட்டு.) 1964-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தின் நடைமேடையில் நின்று, மழை பெய்து ஓய்ந்த ஈரத்தில், அவர் பாடிய காட்சி யூடியூபில் இருக்கிறது. கம்பளிக் கோட்டுப் போட்ட நடுத்தர வயதுப் பெண்மணி, தோளில் வெள்ளைக் கிடார். ஒருமுறை பாருங்கள்.

1973-இல் பிலடெல்பியாவில் இறந்தார். புதைத்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ரசிகர்கள் கச்சேரி நடத்திப் பணம் சேர்த்துத்தான் கல்லறைக்குப் பெயர் பொறித்தார்கள். 2018-இல்தான் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். அவரைக் கேட்டு வளர்ந்த ஆண்கள் அதற்குப் பல காலம் முன்பே உள்ளே போய்விட்டார்கள். புளூஸ் பாட்டின் பேரரசி என்று பெயர் வாங்கிய பெஸ்ஸி ஸ்மித்துக்கும் இதே கதி. 1937-இல் சாலை விபத்தில் இறந்தார். இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். கல் வைத்ததோ 1970-இல். ராக் பாடகி ஜானிஸ் ஜோப்ளினும், பெஸ்ஸி வீட்டில் சிறுமியாக வேலை பார்த்த ஒரு பெண்மணியும் சேர்ந்து அந்தச் செலவை ஏற்றார்கள்.

புகழ் கிடைத்தவர்களும் உண்டு. டெட்ராய்ட் நகரத்துப் போதகரின் மகள் அரீத்தா பிராங்க்ளின். தேவாலயத்தில் பாடும் முறையைக் காதலுக்கும் கோபத்துக்கும் மாற்றினால் வருவதுதான் சோல் இசை. அதன் ராணி அவர். மரியாதை கேட்டு அவர் பாடிய 1967-ஆம் ஆண்டுப் பாட்டு ஓர் ஆண் எழுதி, முதலில் அவரே பாடியது. அரீத்தா பாடியதும் அது பெண்களின் பாட்டாகிவிட்டது. 1972-இல் அவர் திரும்பவும் ஒரு தேவாலயத்துக்குள் போய்ப் பாடி வெளியிட்ட இசைத்தட்டு மிகப் பெரிய வெற்றி. கறுப்பினத் தேவாலயங்களில் பாடகர் ஒரு வரி பாடினால் சபை “ஆமென்” என்று பதில் கொடுக்கும். நம் கொடையில் வில்லடிக்கும் புலவர் ஒரு வரி சொன்னதும் குடமடிப்பவரும் மற்றவர்களும் “ஆமா” என்பார்களே, அதைப் போலவே. அந்த “ஆமா” விழாவிட்டால் புலவருக்குக் கதை நகராது.

நம் பக்கத்துக்கு வருவோம். தென்காசியைத் தாண்டினால் செங்கோட்டை. 1956 நவம்பர் வரை அது திருவிதாங்கூரோடு இருந்தது என்பது இளைய தலைமுறைக்குத் தெரியாமல் இருக்கலாம். 1906-இல் அங்கே பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. மைக் இல்லாத காலத்தில் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடியவர். கொடுமுடியில் பிறந்து, ரயிலில் பாடி வயிறு வளர்த்த ஒரு சிறுமி நாடகக் கம்பெனியில் சேர்ந்தாள். அவள்தான் கே.பி. சுந்தராம்பாள். இருவரும் இலங்கையில் நாடகம் போடப்போன இடத்தில் சந்தித்து, 1927-இல் மணந்தார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. 1933-இல் கிட்டப்பா இறந்தபோது வயது 27. சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார், எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்தக் காலத்து 1 லட்சம்! 1951-இல் சட்ட மேலவை உறுப்பினரானார். 1953-இல் ‘ஔவையார்’. 1965-இல் ‘திருவிளையாடல்’. பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதன்முதலில் வாங்கியவர் சுசீலா. அடுத்த ஆண்டே ‘துணைவன்’ படத்துக்காக வாங்கியவர் கே.பி.எஸ்.

எங்கள் ஆச்சி கே.பி.எஸ். என்றால் கையெடுத்துக் கும்பிடுவாள். அந்த மரியாதையில் பாட்டுக்கு எவ்வளவு, வெள்ளைச் சேலைக்கு எவ்வளவு என்று இப்போது யோசிக்கிறேன். ஆச்சியிடம் கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும்.

ஏன் யோசிக்கிறேன் என்றால், மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயும் அதே வெள்ளைச் சேலை உடுத்த வேண்டி வந்தவர்தான். ஆண்களே கையில் எடுத்துவந்த நாகசுரத்தை எடுத்து, மதுரைச் சித்திரைத் திருவிழாவில் வாசித்துப் பெயர் வாங்கியவர். கணவர் இறந்ததும் வாசிப்பு நின்றது. நாகசுரம் மங்கல வாத்தியம், கைம்பெண் வாசிக்கக் கூடாது என்றது ஊர். வாயால் பாடிய கே.பி.எஸ்.ஸை வெள்ளைச் சேலை தெய்வமாக்கியது. அதே சேலை பொன்னுத்தாயின் கையிலிருந்து சீவாளியைப் பறித்தது. அவர் 2012 வரை வாழ்ந்தார். எத்தனை வருட வாசிப்பு நமக்கு இல்லாமல் போயிற்று என்று கணக்குப் போட்டால் வயிறு எரிகிறது.

இடையில் ஒரு சந்தோஷமான சேதியும் சொல்லிவிடுகிறேன். 1969-இல் சென்னை மவுண்ட் ரோட்டில், சபையர் தியேட்டர் வளாகத்தின் அடித்தளத்தில் ‘நைன் ஜெம்ஸ்’ என்றொரு இரவு விடுதி. அங்கே பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மேடையேறி ஆங்கிலத்தில் ஜாஸும் பாப்பும் பாடினார் ஒரு தமிழ்ப் பெண். பள்ளிக்கூடத்தில் அவர் குரல் கனமாக இருக்கிறது என்று பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினார்களாம். உஷா உதுப். 2024-இல் பத்ம பூஷண் வாங்கினார். சேலையும் பெரிய பொட்டும் அவரை எந்தக் கணக்கிலும் அடைக்க முடியாதபடி காப்பாற்றின போலும். ஈஸ்வரியும் ஓயவில்லை. ‘ஒஸ்தி’ (2011) படத்தில், எழுபது வயதைக் கடந்த பிறகு, ஒரு குத்துப் பாட்டைப் பாடி இளவட்டங்களை ஆட வைத்தார். நம் மூன்றாவது மாடித் தம்பியும் கல்லூரி விழாவில் அதற்கு ஆடியிருப்பார், குரல் யாருடையது என்று தெரியாமலே.

பெயர் தெரியாமல் போவது என்றதும் இன்னொரு அமெரிக்கப் பெண்மணி நினைவுக்கு வருகிறார். டார்லீன் லவ். 1962-இல் அவர் பாடிய பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இசைத்தட்டில் போட்டிருந்ததோ வேறொரு பெண்கள் குழுவின் பெயர். தயாரிப்பாளரின் வியாபாரக் கணக்கு. பெரிய பெரிய பாடகர்களுக்குப் பின்னால் கோரஸ் பாடியே காலம் போனது. ஒரு கட்டத்தில் பிழைப்புக்கு வீடு துடைக்கப் போனார். ஒருநாள் யார் வீட்டுக் குளியலறையையோ கழுவிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் அவருடைய சொந்தப் பாட்டே ஒலித்தது. அன்றைக்கே மறுபடி பாடப் போவதென்று முடிவெடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கோரஸ் பாடகிகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று 2014-இல் ஆஸ்கர் வாங்கியபோது அந்த மேடையில் நின்று பாடியவர் அவர்தான்.

இதைப் படித்த அன்று இரவு, பரணில் கிடந்த அப்பாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். அப்பா கொடை நோட்டீஸ்களைச் சேர்த்து வைக்கும் பழக்கமுள்ளவர். மஞ்சள், ரோஸ் தாள்கள் மடிப்பில் கிழிந்திருக்கின்றன. வரி கொடுத்தவர்கள், பந்தல் போட்டவர், ரேடியோ செட், நையாண்டி மேளம் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. வில்லிசை என்ற இடத்தில் புலவரின் பெயர் பெரிய எழுத்தில். பக்கத்தில் “மற்றும் குழுவினர்”.

எட்டு வயதில் பார்த்த ஒரு கொடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நடுச்சாமம். புலவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்தில் ஜால்ரா போட்டுக்கொண்டு பின்பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண் வீசுகோலை வாங்கி வில்லில் ஓர் அடி அடித்தாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் எழுந்து உட்கார்ந்தோம். விடியும்வரை இசக்கியம்மன் கதையை அவளே சொன்னாள். நீலி அழும் இடத்தில் எங்கள் ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வருடத்து நோட்டீஸும் பெட்டியில் இருந்தது. அந்தப் பெண்ணும் ‘குழுவினர்’தான்.

வில்லிசையில் பெண் புலவர்கள் நம் தெற்குச் சீமையில் நிறையவே உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் பல பத்தாண்டுகள் முன்னால் உட்கார்ந்து வில்லடித்தவர். முதுமையில் தனியாக, வறுமையில் இருந்து 2018-இல் மறைந்தார். கடைசிக் காலத்தில் சிலர் தேடிப்போய் எழுதினதால் அவர் பெயராவது நமக்கு மிஞ்சியது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். நம் சங்கம் வருடாவருடம் பக்கத்துக் கோயில் கொடைக்கு வரி கொடுக்கிறது. அடுத்த கொடை நோட்டீஸில் வில்லிசைக் குழுவில் பாடும் எல்லாருடைய பெயரையும் அச்சடிக்கக் கேட்கலாம் என்று செயலாளரிடம் சொன்னேன். கோயில் கமிட்டித் தலைவரிடம் போய்க் கேட்டோம். “அஞ்சாறு பேருதான அண்ணாச்சி, போட்டுருவோம். ஆனா பிரஸ்காரன் இடமில்லம்பான்” என்றார். நம் சங்கத்தின் பெயரை அச்சடிக்கும் இடத்தைச் சுருக்கிக்கொள்ளலாம் என்று பதில் சொல்லி வந்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் இது பேசப்படும்.

இன்னொன்று. உங்கள் வீடுகளில் 1960, 70-களின் கொடை நோட்டீஸ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், பழைய போட்டோக்கள் இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை என்னிடம் காட்டுங்கள். குறிப்பாக ஆலங்குளம், அத்தியூத்து, நெட்டூர் பக்கம் அந்தக் காலத்தில் ஜால்ரா போட்டுப் பின்பாட்டுப் பாடிய பெண்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதுவும் சொன்னால் குறித்து வையுங்கள். வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள், பச்சைக் கண்டாங்கி, கையில் வெங்கல ஜால்ரா. எனக்குத் தெரிந்த அடையாளம் அவ்வளவுதான்.